தரைதட்டிய ஊர்

ரைன் நதிக்கரையில் கிரம்பாக் என்ற ஜெர்மன் ஊரில் வரியும் போரும் பனியும் மாறி மாறித் தின்றது போக மிச்சமிருந்த சனங்கள், கப்பலேறிக் கடல் தாண்டி, அமெரிக்காவில் இங்கிலாந்து ராஜாவின் பேரால் ஆளப்பட்ட பென்சில்வேனியாவுக்கு வந்து, துறைமுகத்திலிருந்து மேற்கே நடந்து நடந்து, நிலச்சீமானின் காரியஸ்தர் விட்கோம் கைகாட்டிய ஒரு பள்ளத்தாக்கில் மரம் வெட்டி வீடு போட்டு, அதற்குப் புது கிரம்பாக் என்று பேரும் வைத்து, முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பட்டாணி சூப் குடிக்கப்போன சமயத்தில், கிண்ணங்களில் இருந்த சூப் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தது, ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு மேசைமேல் சிந்தியது.

"கடல் இன்னும் நம்ம கால்ல இருக்கு," என்றார் போதகர் லாம்பர்ட். "ஒரு வாரத்துல சரியாயிடும்."

ஒரு வாரத்தில் சரியாகவில்லை. கடலையே பார்த்திராத உள்ளூர்ப் பசு ஒன்றை வாங்கிவந்து கட்டியபோது அதுவும் நான்கு காலையும் அகட்டிவைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றது. அப்போதுதான் ஆட்டம் காலில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்று புரிந்தது. யாரும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கோடை முழுவதையும் கப்பலில் கழித்தவர்களுக்கு ஆடுவது புதிதில்லை. ஆடாத நிலம் தருவதாகச் சொன்னது காரியஸ்தர்தான், அவர் சொன்னதில் வேறு எதுதான் சரியாக இருந்தது? நல்ல மண், இருந்தாலும் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மேசைகளுக்கு விளிம்பு அடித்தார்கள், கட்டில்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள், கோயிலில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து ஜெபித்து மறுபக்கம் சாய்ந்து ஆமென் சொன்னார்கள். உத்தரத்திலிருந்து பானையைத் தொங்கவிட்டால் வெண்ணெய் தானாகக் கடைந்துகொண்டது. தொட்டிலை ஆட்ட ஆள் தேவைப்படவில்லை. பக்கத்துக் குடியேற்றத்திலிருந்து பெண்பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பிப்போனதால், கல்யாணமெல்லாம் ஊருக்குள்ளேயே பேசி முடிக்கவேண்டியதாயிற்று. அது ஒன்றுதான் குறை.

ஓட்டிலியாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவள் வண்டிச்சக்கரம் செய்கிற வெண்டலின் மனைவி. கப்பலில் அவர்களுடைய மூன்று வயது மகள் காய்ச்சலில் இறந்தபோது, மாவுச் சாக்கில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். "இது எந்த இடம்?" என்று ஓட்டிலியா மாலுமியிடம் கேட்டாள். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் காட்டி, "இங்கதான்மா," என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். புது தேசத்திடம் அவள் கேட்டது நல்ல விளைச்சலோ பெரிய வீடோ அல்ல. வைத்த இடத்தில் இருக்கிற நிலம், அவ்வளவுதான்.

அதனால்தானோ என்னவோ, ஊர் வெறுமனே ஆடவில்லை, நகரவும் செய்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். கொல்லைக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகப்போக, தூரம் கூடிக்கொண்டே போயிற்று.

"ஊற்று தள்ளிப்போகுது," என்றாள் வெண்டலிடம்.

"ஊற்று எப்படிப் போகும்? உனக்கு நடக்க முடியலை, வயித்துல பிள்ளை இருக்கு."

"பிள்ளை என் வயித்துலதானே இருக்கு? ஊற்று வயித்துல இல்லையே. வந்து பாரு."

அவன் வந்து பார்த்தான். பிறகு ஊரே போய் மேற்கு எல்லையைப் பார்த்தது. அங்கே ஊர் முடிகிற இடத்தில் மண் ஒரு முழ உயரத்துக்கு விளிம்புகட்டி, கப்பலின் முன்முனையைப் போலக் கூராகி, காட்டுக்குள் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. ஓக் மரங்கள் அதன்முன் தலைகுனிந்து, சரிந்து, அடியில் போயின. கிழக்கு எல்லையில், ஊர் கடந்துவந்த வழியில், மரமும் புதரும் கல்லும் இல்லாமல் சிவப்புச் சேறு வழவழவென்று அகலமாகக் கிடந்தது. ஒரு நாளைக்கு ஒரு வீட்டு நீளம் போகும் வேகம்.

"கோடாலியே எடுக்கவேண்டாம்!" என்று கத்தினான் யாரோ ஒருவன். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பின்னால் கிடந்த சேற்றில் கோதுமை விதைத்தார்கள். நகர்கிற ஊருக்கு ஒரு தலைவன் வேண்டுமே என்று, நகர்கிற சாமான் செய்தே பழகியவன் என்பதால் வெண்டலைக் கப்பித்தானாகத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ஊரில் யாரும் அவனிடம் எந்த யோசனையும் கேட்டதில்லை. அவன் ஒரு பெரிய சுக்கான் சக்கரம் செய்து கோயில் வாசலில் நட்டான். அதைத் திருப்பினால் ஊர் திரும்பவில்லை. ஆனால் ஊர் போகிற திசைக்குத் தகுந்தபடி சக்கரத்தைத் திருப்பிவைப்பது சுலபமாக இருந்தது, பார்ப்பதற்கும் நன்றாக இருந்தது. போதகர் நோவாவின் பேழையைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்தார்.

காரியஸ்தர் விட்கோம் குதிரையில் வந்து, இறங்கி, வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பின்னால் கிடந்த சேற்றையும் முன்னால் இருந்த காட்டையும் பார்த்து, ஆனந்தத்தில் தொப்பியைக் கழற்றினார்.

"ஊர் எங்க நிக்குதோ அது உங்க நிலம்னு சொன்னேன் இல்லையா? இனிமே ஊர் எங்கெல்லாம் போகுதோ அதெல்லாம் உங்க நிலம். அதாவது, சீமானோட நிலம். நிறுத்திடாதீங்க."

"நாங்க எங்கய்யா ஓட்டுறோம், நிறுத்துறதுக்கு?" என்றாள் ஓட்டிலியா.

"பிரமாதம். யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க," என்றார் காரியஸ்தர்.

கேட்பதற்கு ஆள் சீக்கிரமே வந்தது. ஓட்டிலியா மேற்கு விளிம்பில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கீழே, அசையாத நிலத்தில், ஒரு பெண் ஊர் ஓரமாக ஒரு அடி வைப்பதும் நிற்பதுமாக வந்துகொண்டிருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் காலம்காலமாக இருந்த லெனாப்பே சனங்களில் ஒருத்தி, வோபிம் என்று பேர். தோல் வாங்கவந்த வியாபாரிகளிடம் பழகியதில் ஜெர்மன் பேசுவாள். அதுவும் வியாபாரி மாதிரிச் சுருக்கமாகப் பேசுவாள்.

"உங்க ஊரை எங்க கொண்டுபோறீங்க?"

"நாங்க கொண்டுபோகலை. அதுவா போகுது."

"போன வருஷம்வரைக்கும் இந்த மண்ணு எங்கயும் போகலையே."

ஓட்டிலியா திரும்பி ஊரைப் பார்த்தாள். ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்க மக்காச்சோள வயல்," என்றாள் வோபிம். "சோளம் பால் பிடிக்கிற சமயத்துல நீங்க அதும்மேல இருப்பீங்க. வயலைத் தாண்டினா எங்க இடுகாடு. திருப்பச் சொல்லு."

ஓட்டிலியா போய்ச் சொன்னாள். ஊர்க்கூட்டம் கூடியது. யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே முயற்சியும் செய்தார்கள். அரைக்கும் கல்லில் கயிறு கட்டி நங்கூரமாக வீசினார்கள், கயிறு அறுந்தது. ஆண்கள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து நீளக் கம்புகளால் பின்பக்கமாகத் துடுப்புப் போட்டார்கள். ஊர் சிலிர்த்துக்கொண்டு அதே வேகத்தில் போயிற்று. கோயில் கூரையில் போர்வைகளைக் கட்டி மேற்குக் காற்றைப் பிடித்து ஊரைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார்கள், போர்வைகள் போயின. கடைசியில் வெண்டல், கப்பித்தான் என்ற முறையில், விளிம்புக்கு வந்து வோபிமிடம் விளக்கினான்.

"அம்மா, நாங்க ஒரு அடிகூட எடுத்துவைக்கலை. நின்ன எடத்துலயேதான் நிக்கிறோம். என் வீட்டுக்குப் பக்கத்துல கோயில், கோயிலுக்குப் பக்கத்துல கொட்டகை, எல்லாம் வச்சது வச்ச மாதிரி இருக்கு. நீங்களே வந்து பார்க்கலாம். உங்க நிலம்தான் எங்களைப் பார்த்து வந்துட்டிருக்கு."

வோபிம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஓட்டிலியாவிடம், "இவர் உன் வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் ஓட்டிலியாவுக்குக் கையை நீட்டினாள். ஓட்டிலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது, ஒவ்வொரு தூரிலும் அவரைக்கொடி ஏறியிருந்தது, கீழே பூசணி படர்ந்திருந்தது. வயல் முடிகிற இடத்தில் புல் வளர்ந்த சின்னச் சின்ன மேடுகள். "இது என் அம்மா," என்றாள் வோபிம், ஏதோ வீட்டுக்கு வந்தவளுக்கு அறிமுகம் செய்வதுபோல. "இது பெரியப்பா. இது யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா எப்பவும் இங்கதான் இருக்காங்க." எப்பவும் இங்கதான் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஓட்டிலியா அந்த மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கடலில் அழாத அழுகையை எல்லாம் அழுதாள். வோபிம் ஊர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

அடுத்த நாள் ஓட்டிலியா புது கிரம்பாக்கில் வீடு வீடாகப் போனாள். "நாம ஏறி உக்காந்திருக்கிறதாலதான் இது போகுது. எறங்கிட்டா நின்னுடும்," என்றாள். பெண்களுக்கு அது நியாயமாகப் பட்டது. கோழிகளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டமாக இறங்கிச் சோளக்கொல்லை ஓரமாக நின்றார்கள்.

பாரம் குறைந்த ஊர் ஒரு முறை எம்பியது, ஓடக்காரன் இறங்கிய ஓடம்போல. எம்பி, மேட்டின்மேல் ஏறி, வயலை நோக்கி இறக்கத்தில் வேகமாக வழுக்கிக்கொண்டு வந்தது. சுக்கானைப் பிடித்திருந்த வெண்டலின் தொப்பி பறந்தது. முதல் வரிசைச் சோளம் தலைகுனிந்து அடியில் போயிற்று.

"ஏறுங்க!" என்று கத்தினாள் வோபிம். "எல்லாரும் திரும்ப ஏறுங்க!"

ஏறினார்கள். வேகம் குறைந்தது. மேலே மூச்சுவாங்க நின்ற ஓட்டிலியாவும் கீழே நின்ற வோபிமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே யோசனை ஒரே சமயத்தில் வந்தது. இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

"எத்தனை பேர் இருக்கீங்க?" என்றாள் ஓட்டிலியா.

"நாயோட சேர்த்தா, நிறைய," என்றாள் வோபிம்.

லெனாப்பே சனங்கள் வந்து ஏறினார்கள். கிழவர்கள் ஏறினார்கள், பிள்ளைபெற்றவர்கள் ஏறினார்கள், மான்தோலும் பானைகளும் சோளம் இடிக்கும் மர உரல்களும் ஏறின, நாய்கள் தாவி ஏறின. வெண்டல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் ஓடினான்.

"எடமில்லை! எடமே இல்லை! இத்தனை பேர் வந்தா நாங்க எங்க போறது?"

"அதைத்தான் நாங்களும் சொல்லிட்டிருந்தோம்," என்ற வோபிம், கையில் இருந்த நாய்க்குட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, உரலைத் தூக்க இறங்கிப்போனாள்.

கடைசி ஆள் ஏறியதும் ஊர் முனகியது. விளிம்பு மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்தது. பாத்திரங்கள் ஒரு முறை உரக்கக் குலுங்கின. பிறகு எதுவும் குலுங்கவில்லை. ஊர் தரைதட்டியிருந்தது. அந்த அமைதியில் புது கிரம்பாக்காரர்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். ஆடாத தரையில் நிற்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

அப்படித்தான் அந்தக் குளிர்காலத்தை இரண்டு சனங்களும் ஒரே ஊரில் கழித்தார்கள். இறங்கிப்போனால் ஊர் மிதந்துவிடும், ஆகவே யாரும் யாரையும் போகச்சொல்ல முடியவில்லை. கல்லைக் கொட்டிப் பார்த்தார்கள். அந்த நிலம் கல்லைப் பாரமாக எடுத்துக்கொள்ளவில்லை, மூச்சுவிடுகிறவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டது. வேட்டைக்கு முறைவைத்துப் போனார்கள். அதிகம் பேர் போய்விட்டால் ஊர் லேசாக நடுங்கும், உடனே மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் மாடுகளை இழுத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடிவந்து கனமாக நிற்பார்கள். கனமான ஆட்களுக்கு மரியாதை கூடியது. உண்ணாநோன்பைப் போதகர் அந்த வருஷத்துக்கு ரத்து செய்தார். சுக்கான் சக்கரத்தின் ஆரக்கால்களில் லெனாப்பே கிழவர் ஒருவர் பூசணித் துண்டங்களைக் கோத்துக் காயப்போட்டார், வெண்டல் தினமும் அவற்றைக் கழற்றி எடுத்துவைப்பான், கிழவர் தினமும் திரும்பக் காயப்போடுவார், கடைசியில் இருவரும் அதைச் சேர்ந்தே செய்தார்கள். சண்டைகளும் இருந்தன. யார் நாய் யார் பன்றிக்கறியைத் தின்றது என்ற வழக்கு குளிர்காலம் முழுக்க நடந்தது.

பனி கொட்டிய ஒரு காலையில் ஓட்டிலியாவுக்கு மகன் பிறந்தான். வோபிமும் அவள் அத்தையும் பிரசவம் பார்த்தார்கள். தொட்டிலை யாராவது ஆட்டவேண்டியிருந்தது, வெண்டல் ஆட்டினான்.

"இங்கயே இருந்துடலாம், வெண்டல்," என்றாள் ஓட்டிலியா.

அவன் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஊர் போய்க்கிட்டு இருந்தப்ப எனக்கு எதுவும் தோணலை. நின்னுட்டா கடல்ல விட்டவ ஞாபகம் வருது."

"எனக்குப் போனாலும் வருது."

அவன் தொட்டிலை இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினான்.

பனி உருகி, வயலில் புதுச் சோளம் ஊன்றி முடித்த பிறகு காரியஸ்தர் விட்கோம் வந்தார். இந்த முறை அவர் வாந்தியெடுக்கவில்லை, அதுவே அவரைக் கோபப்படுத்தியது.

"ஏன் நிக்குது? மலை வரைக்கும் உள்ள நிலத்தைச் சீமான், அடுத்த கப்பல்ல வர்ற சீமைக்காரங்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தாச்சு. யார் இவங்க? இவங்களை எறக்கிவிடுங்க."

"இவங்க விருந்தாளிங்க," என்றார் போதகர்.

"குளிர்காலம் முடிஞ்சா விருந்தும் முடிஞ்சுது. மேற்கே ஆத்தோரமா கறுப்பு மண்ணு கிடக்கு, முழங்கால் ஆழம். நின்னுட்டா இந்தச் செம்மண்ணுதான் உங்களுக்கு. நான் யாரையும் வற்புறுத்தலை. நீங்களே கை தூக்கி முடிவு பண்ணுங்க."

கோயிலில் கூடினார்கள். கறுப்பு மண் என்ற சொல் பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்தது. கீழே பார்த்துக்கொண்டு முதலில் ஒருவன் கை தூக்கினான், பிறகு அவன் பக்கத்தில் இருந்தவன், பிறகு எல்லோரும், கடைசியில் போதகர், தோள்வலிக்காகத் தூக்குகிறவர்போலப் பாதி உயரத்துக்கு. வெண்டல் ஓட்டிலியாவைப் பார்க்காமல் கை தூக்கினான். கை தூக்கியவர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். வோபிம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கையை எறக்கலாம்," என்றாள். "பார்த்தாச்சு."

ஒரு வார்த்தை சண்டை இல்லாமல் அவர்கள் இறங்கினார்கள், பானைகளோடும் உரல்களோடும் நாய்களோடும், கிழவர் தன் பூசணித் துண்டங்களை வெண்டலுக்கே விட்டுவிட்டு. எல்லோருக்கும் கடைசியில், பிள்ளையைத் துண்டில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, ஓட்டிலியா இறங்கினாள். வழியனுப்பத்தான் போகிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் கால் கீழே பட்டதும் ஊர் பெருமூச்சுவிட்டதுபோல எழும்பி, குளிர்காலம் முழுக்க அடக்கிவைத்த வேகத்தோடு, ஆள் நடக்கிற வேகத்தில், புதுச் சோளத்தின்மேல் போகத் தொடங்கியது.

கீழே யாரும் நின்று பார்க்கவில்லை. வயல் போயிற்று என்று தெரிந்ததும் மொத்த சனமும் வயலைத் தாண்டி இடுகாட்டுக்கு ஓடியது, மண்வெட்டியாலும் கையாலும் மேடுகளைத் தோண்டியது, கிடைத்தவரை எலும்புகளைக் கூடைகளில் அள்ளியது. ஓட்டிலியாவும் தோண்டினாள். ஊர் மிக அருகில் வந்தபோது கூடைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கினார்கள், ஊர் அவர்களை உரசிக்கொண்டு கடந்தது, கோயிலும் கொட்டகையும் ஓட்டிலியாவின் வீடும், அதன் திறந்த கதவும். வெண்டல் விளிம்போரமாக ஓடிவந்தான்.

"ஓட்டிலியா! ஏறு! கையைக் குடு!"

"நிறுத்து, ஏறுறேன்."

அவன் கோயில் வாசலுக்கு ஓடினான். சக்கரத்தை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், இரண்டு கையாலும் ஆரக்காலைப் பிடித்துத் தொங்கினான். பிறகு ஊரின் பின்விளிம்புக்கு ஓடிவந்து, அவளுக்கும் தனக்கும் நடுவே சிவப்புச் சேறு நீண்டுகொண்டே போவதைப் பார்த்து நின்றான்.

"நிறுத்தத் தெரியலையே, ஓட்டிலியா!"

குதித்திருக்கலாம். ஏன் குதிக்கவில்லை என்று அவனும் பின்னாட்களில் யோசித்திருப்பான். புது கிரம்பாக் அந்த ஆற்றங்கரைக் கறுப்பு மண்ணிலும் நிற்கவில்லை என்றும், ஆற்றைத் தாண்டி, மலையைச் சுற்றி, பெயர் வைக்காத சமவெளிகளுக்குள் போயிற்று என்றும், அதன் பின்னால் சீமைக்காரர்கள் வந்து சேற்றில் வேலிபோட்டுக்கொண்டே போனார்கள் என்றும், ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் கப்பித்தான் ஒருவர் விளிம்புக்கு வந்து, தான் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை என்று மரியாதையாக விளக்குவார் என்றும் தோல் வியாபாரிகள் பிறகு சொன்னார்கள்.

அன்றைக்கு லெனாப்பே சனங்கள் வடக்கே மலையடிவாரத்து உறவுக்காரர்களிடம் போவதென்று முடிவுசெய்து, சாயங்காலத்துக்கு முன்பே நடக்கத் தொடங்கினார்கள். யாரும் ஓட்டிலியாவை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். வரிசையின் கடைசியில் வந்த வோபிம் அவளைக் கடந்துபோய், நின்று, திரும்பிவந்து, தலையில் இருந்த இரண்டு கூடைகளில் ஒன்றை இறக்கி அவள் கையில் கொடுத்தாள். ஓட்டிலியா அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வழி மேடும் பள்ளமுமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வோபிம் திரும்பிப் பார்த்தாள்.

"சாய்க்காதே," என்றாள். "அது என் அம்மா."